திட்டம் வேலை செய்கிறதா? பொதுச் சுகாதார மதிப்பீட்டு ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில ஆண்டுகள் சுகாதாரக் கணக்கெடுப்புகளில் கள ஆய்வாளராக வேலை பார்த்தேன். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் பதிவேடுகளைப் பார்ப்பதும்தான் வேலை. போகிற இடமெல்லாம் மக்களும் செவிலியர்களும் என்னிடம் திருப்பிக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் காசநோயை வைத்தே பதில் சொல்கிறேன். இந்த விஷயத்தில் உலகமே சென்னையைப் பார்த்துக் கற்ற கதை ஒன்று இருக்கிறது.

மதிப்பீட்டு ஆய்வு என்றால் என்ன? மருந்தைச் சோதிப்பதும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல, ஆனால் உறவு உண்டு. ஒரு மாத்திரை கிருமியைக் கொல்கிறதா என்று பார்ப்பது மருந்துச் சோதனை. அந்த மாத்திரை கிடங்கிலிருந்து கிராமத்துக்கு வந்து சேர்கிறதா, வாங்கிப் போனவர் சாப்பிடுகிறாரா, ஆறு மாதம் கழித்து உயிரோடு நலமாக இருக்கிறாரா, இதே பணத்தை வேறு வழியில் செலவழித்திருந்தால் இன்னும் நாலு பேர் பிழைத்திருப்பார்களா என்றெல்லாம் பார்ப்பது மதிப்பீட்டு ஆய்வு. மருந்து நல்லதாக இருந்தும் திட்டம் தோற்கலாம். அதை மருந்துச் சோதனை சொல்லாது.

ஆய்வு ஒன்று அரசின் கொள்கையையே மாற்றியதற்கு நம் ஊரில் உதாரணம் உண்டா?

உண்டு. தாம்பரத்துக்குப் பக்கத்தில் 'சானடோரியம்' என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. தினமும் அதில் ஏறி இறங்கும் பலருக்கு அந்தப் பேர் எப்படி வந்தது என்று தெரியாது. 1928இல் அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் தொடங்கப்பட்டது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, குடும்பத்தை விட்டு மாதக்கணக்கில் பிரிந்து இருத்தல். டி.பி.க்கு அன்றைக்கு உலகம் முழுவதும் வழக்கம் இதுதான்.

1950களில் மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள்; அதற்கு ஈடாகப் படுக்கைகள் எங்கேயும் இல்லை. எல்லோருக்கும் சானடோரியம் கட்டி முடிக்க எத்தனை தலைமுறை ஆகும் என்றே சொல்ல முடியாது. அப்படியானால் வீட்டில் வைத்தே மருந்து கொடுக்கலாமா? மருத்துவர்கள் பலர் பயந்தார்கள். ஒற்றை அறை வீடு, அரை வயிற்றுச் சாப்பாடு, பக்கத்திலேயே படுத்துத் தூங்கும் குழந்தைகள். நோயாளியும் தேறமாட்டார், வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். நியாயமான பயம்தான்.

இதற்குப் பதில் தேடி 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து செய்த ஏற்பாடு. ஐந்து வருடத்துக்கு என்று தொடங்கியது. இன்றைக்குச் சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக நிற்கிறது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் முதலில் பொறுப்பேற்றார்.

நகரத்தின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வீட்டில், மறு பாதி சானடோரியத்தில். இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். 1959இல் முடிவு வெளியானது. ஆண்டு முடிவில் நோய் அடங்கியிருந்தவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். வித்தியாசம் இருந்தது, ஆனால் சிறியது. ஐந்து வருடம் பின்தொடர்ந்து பார்த்தபோது அதுவும் இல்லாமல் போனது. எல்லோரும் அஞ்சிய அந்த இன்னொரு கேள்விக்கும் விடை கிடைத்தது: வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியம் போனவர்களின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் வரவில்லை. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே வீட்டில் பரவ வேண்டியது பெரும்பாலும் பரவிவிடுகிறது; மருந்து தொடங்கியபின் தொற்றும் தன்மை வேகமாகக் குறைகிறது.

இதற்கு மேல் சானடோரியம் கட்டுவதற்குக் காரணம் இல்லாமல் போனது. 1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடித்தளமாக வைத்தே எழுந்தது. பணக்கார நாடுகளும் ஒவ்வொன்றாகத் தங்கள் சானடோரியங்களை மூடின. இன்று டி.பி. வந்த ஒருவர் வீட்டில் பிள்ளைகளோடு இருந்துகொண்டே குணமாகிறார் என்றால், அதற்கு அன்றைக்குச் சம்மதித்த அந்தச் சென்னை ஏழைகள்தான் காரணம். அவர்களுடைய பேர் எந்தப் பலகையிலும் இல்லை.

வீட்டில் இருந்தவர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார்கள் என்று எப்படித் தெரியும்?

இதைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். மதிப்பீட்டு ஆய்வின் உயிர் இந்த மாதிரிச் சந்தேகத்தில்தான் இருக்கிறது.

சொன்னதை அப்படியே நம்பவில்லை. மையத்தின் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போவார்கள். மீதி மாத்திரை எத்தனை என்று எண்ணுவார்கள். சிறுநீரை வாங்கிச் சோதித்து மருந்து உடம்புக்குள் போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்படிப் பார்த்ததில்தான், நல்ல மனிதர்களும் உடம்பு கொஞ்சம் தேறியதும் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள் என்பது எண்ணிக்கையோடு தெரிய வந்தது. அடுத்து அதே மையம், வாரம் இரண்டு நாள் மட்டும் நோயாளியை வரவழைத்துக் கண்முன்னே மருந்து கொடுத்துப் பார்த்தது, அதுவும் பலித்தது. பின்னாளில் 'டாட்ஸ்' என்று எல்லா நாட்டிலும் பரவிய, நேரில் பார்த்து மருந்து கொடுக்கும் முறைக்கு வேர் அங்கே இருக்கிறது.

மக்களுக்கு விழிப்புணர்வு இல்லாததுதானே பிரச்சினை? அதற்கு எதற்கு ஆய்வு?

கூட்டங்களில் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. 1960களின் தொடக்கத்தில் பெங்களூர் தேசிய காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் இதைச் சோதித்தார்கள். கிராமத்துக்காரர்களுக்கு நோய் தெரியாது, வேன் வைத்து நாமே தேடிப் பிடிக்க வேண்டும் என்பது அப்போதைய நம்பிக்கை. ஆய்வில் தெரிந்ததோ வேறு. நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் ஏற்கெனவே வைத்தியம் தேடிப் போயிருந்தார்கள். போன இடத்தில் சளியைச் சோதிக்காமல் இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதாவது கோளாறு வாசலுக்கு வெளியே இல்லை, உள்ளே இருந்தது. அதனால்தான் தேசியத் திட்டம், டி.பி.க்கென்று தனி மருத்துவமனைகளை மட்டும் நம்பாமல், சாதாரண சுகாதார நிலையத்திலேயே சளிப் பரிசோதனை என்று வடிவமைக்கப்பட்டது.

இந்த விடையும் நிரந்தரம் இல்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய காசநோய்க் கணக்கெடுப்பில், அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் எங்கேயும் போய்க் காட்டவில்லை. அவர்களில் பெரும்பாலோர் 'சாதாரண இருமல்தானே' என்று விட்டிருந்தார்கள். அறுபது வருடத்தில் நிலைமை மாறும். ஒருமுறை மதிப்பிட்டதை வைத்து என்றைக்கும் ஓட்ட முடியாது.

வீட்டில் இருந்தவர்களும் குணமானார்கள் என்றால், சாப்பாடு முக்கியமில்லை என்றுதானே அர்த்தம்?

பல பத்தாண்டுகள் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். இந்தப் பக்கத்தில் நான் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லலாம் என்றால் அது இதுதான்: ஓர் ஆய்வு எந்தக் கேள்வியைக் கேட்டதோ, அதற்கு மட்டும்தான் அது பதில் சொல்லும்.

சென்னை ஆய்வு கேட்டது, மருந்து ஒழுங்காகப் போனால், குறைந்த சாப்பாட்டிலும் கிருமி ஒழியுமா என்று. ஒழியும் என்றது. அது உண்மை. ஆனால் ஒட்டிய வயிறோடு இருக்கும் நோயாளி முதல் சில வாரங்களைத் தாண்டுவாரா, அதே சோற்றுப் பானையைப் பகிரும் மனைவி மக்களுக்கு நாளை நோய் வருமா, வயிறார உணவு கொடுத்தால் அது குறையுமா என்ற கேள்விகளை அது கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கும் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள். மாத்திரை போதும், சோறு நம் துறையின் வேலை இல்லை என்று ஆனது.

அந்தக் கேள்வியை 2019இல் ஜார்க்கண்டில் கேட்டார்கள். மங்களூரைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் நடத்திய 'ரேஷன்ஸ்' ஆய்வு. சென்னை காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. நான்கு மாவட்டங்களில் 28 காசநோய்ப் பிரிவுகள், 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் இருந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் ஓர் உணவுப் பொதி. பாதிப் பிரிவுகளில் வீட்டில் இருந்தவர்களுக்கும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை. ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு என்ற அளவு. நம் வீட்டில் மளிகைச் சீட்டு எழுதினால் ஒரு வரிகூட நிரம்பாது.

2023 ஆகஸ்டில் முடிவு வந்தது. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது; கிருமி உறுதியான நுரையீரல் டி.பி. மட்டும் என்று பார்த்தால் 48 சதவீதம். நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்கள் இறக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. எடை 5 சதவீதம் ஏறினால் அந்த அபாயம் 61 சதவீதம் இறங்கியது.

அடுத்த ஆண்டே கொள்கை அசைந்தது. காசநோயாளிகளின் சாப்பாட்டுக்காக மத்திய அரசு தரும் நிக்ஷய் போஷண் உதவித்தொகை 2018 முதல் மாதம் 500 ரூபாயாக இருந்தது; 2024 நவம்பரில் 1,000 ரூபாயானது. நன்கொடையாளர்கள் நோயாளிகளுக்குத் தரும் 'நிக்ஷய் மித்ரா' உணவுப் பொதி, நோயாளியோடு நிற்காமல் குடும்பத்தாருக்கும் உண்டு என்று அறிவித்தார்கள். 1,000 ரூபாய்க்கு இன்று என்ன கிடைக்கும் என்று கேட்டால், கேட்பவர் பக்கம்தான் நான். ஆனாலும் 'சோறும் சிகிச்சைதான்' என்பது மனிதாபிமானப் பேச்சாக இருந்தவரை அதற்கு நிதி ஒதுக்க வைப்பது கடினமாக இருந்தது. 39 என்ற எண் வந்தபின் பேச்சு மாறியது.

சிலருக்குக் கொடுத்து, சிலருக்குக் கொடுக்காமல் பார்ப்பது அநியாயம் இல்லையா?

எனக்கும் முதலில் நெஞ்சில் குத்திய கேள்விதான். எது நல்லது என்று உண்மையிலேயே தெரியாதபோது மட்டும்தான் குலுக்கிப் பிரிப்பதற்கு நியாயம் உண்டு. தெரிந்துகொண்டே மறுப்பது குற்றம். ரேஷன்ஸ் ஆய்வில் நோயாளிகளுக்கு உணவை யாருக்கும் மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பசியோடு இருக்கும் நோயாளிக்குச் சோறு வேண்டும் என்பதற்குச் சோதனை தேவையில்லை. குடும்பத்தாருக்கு நோய் வருவதை அது தடுக்குமா என்பதில்தான் பதில் தெரியாமல் இருந்தது. கேள்வியை எந்த இடத்தில் வைப்பது என்பதில் நேர்மை இருக்கிறது. எந்த ஆய்வாக இருந்தாலும் நெறிமுறைக் குழு ஒன்று முன்கூட்டியே படித்து ஒப்புதல் தர வேண்டும். பங்கேற்பவரின் சம்மதமும் வேண்டும்.

பல வருடம் செலவழித்து 'பயன் இல்லை' என்று முடிவு வந்தால் எல்லாம் வீண்தானே?

செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வைச் சொன்னால் புரியும். நம் எல்லோர் தோளிலும் இருக்கும் அந்தத் தழும்பு, பி.சி.ஜி. தடுப்பூசி போட்ட இடம். 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் பக்கத்தில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசியோ வெற்று ஊசியோ போட்டு, பதினைந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை அது தடுக்கவில்லை.

பெரிய ஏமாற்றம். ஆனால் அதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அதனால் என்ன நடந்தது? பிறந்த குழந்தைக்குப் போடுவதை நிறுத்தவில்லை. மூளையுறைக் காசநோய் போன்ற கொடிய வடிவங்களிலிருந்து குழந்தைகளை அது காக்கிறது என்பதற்கு வேறு சான்றுகள் உண்டு. ஆனால் 'ஊசி போட்டாயிற்று, இனி டி.பி. பரவாது' என்று உட்கார முடியாமல் போனது. நோயாளியைச் சீக்கிரம் கண்டுபிடித்துக் குணமாக்குவதுதான் பரவலைத் தடுக்கும் வழி என்பது உறுதியானது. புதிய தடுப்பூசிக்கான தேடல் இன்றும் நடப்பதற்கு அந்த ஊர்களும் ஒரு காரணம்.

ஒப்பீட்டுக் குழு இல்லாமல் மதிப்பிடவே முடியாதா?

ஒப்பீட்டுக் குழு என்றால், திட்டம் கிடைக்காமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் மற்றவர்கள். அது இல்லாமலும் மதிப்பிட முடியும், ஆனால் அளந்து பேச வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாநிலத் திட்டக் குழு பார்த்தபோது, தொடக்கக் கட்டத்தில் இருந்த 1,543 பள்ளிகளில் 1,319இல் பிள்ளைகளின் வருகை கூடியிருந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போனது. இது முன்–பின் ஒப்பீடு. திட்டம் இல்லாத பள்ளிகளில் அதே மாதங்களில் வருகை என்ன ஆனது என்பதையும் பக்கத்தில் வைத்தால்தான் கூடியதில் எவ்வளவு சோற்றால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியும். காலையில் பசியோடு வரும் பிள்ளைக்குச் சாப்பாடு போட வருகைக் கணக்கு வேண்டியதில்லை என்பது என் கருத்து. கணக்கு எதற்கு என்றால், எங்கே கூடவில்லை என்று பார்ப்பதற்கு. மீதி 224 பள்ளிகளில் என்ன நடந்தது? நான் அதிகாரியாக இருந்தால் அங்கேதான் முதலில் போவேன்.

இன்னொன்று, தொடக்க நிலையை அளந்து வைப்பது. ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற தொற்றா நோய்களுக்காக 2020இல் தமிழ்நாட்டில் நடந்த 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் 7.3 சதவீதம்தான் என்று தெரிந்தது. சர்க்கரை நோயில் 10.8. நூறு பேரில் ஏழு பேர்! 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோவது என்ற யோசனைக்குப் பின்னால் இந்த எண்களின் கனம் இருந்தது. அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பில் அவை 17, 16.7 என்று ஏறின. ஏற்றம் மகிழ்ச்சி. ஆனால் நூறில் 83 பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள் என்பதையும் அதே தாள்தான் சொல்கிறது.

ஆய்வறிக்கை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எப்படி வந்து சேர்கிறது?

பெரும்பாலும் வருவதில்லை. வந்த ஒன்றைச் சொல்கிறேன்.

டி.பி.யில் இறப்பவர்களில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களிலேயே இறக்கிறார்கள். கண்டுபிடித்த அன்றே மோசமான நிலையில் இருப்பவர்கள் அவர்கள். அவர்களை அன்றைக்கே பிரித்தெடுத்துப் படுக்கையில் சேர்த்தால் காப்பாற்றலாம். ஆனால் சின்னச் சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்து முடிவு வருவதற்குள் ஆள் வீட்டுக்குப் போய்விடுவார்.

சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து, எந்த லேப்பும் தேவைப்படாத ஒரு வழியை வகுத்தார்கள். 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்ற பேரில் மாநில அளவில் தொடங்கியது. செவிலியரோ பணியாளரோ பார்க்க வேண்டியது ஒரு தாளில் அடங்கும். உயரமும் எடையும். கணுக்காலை விரலால் அமுக்கினால் குழி விழுகிறதா. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, 24க்கு மேலா. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94க்குக் கீழா. கடைசியாக, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா.

அந்தக் கடைசி ஒன்றை ஒரு நிலையத்தில் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும், கட்டட வேலைக்காரர். செவிலியர், "அண்ணா, கொஞ்சம் கைய விட்டுட்டு எந்திரிங்க" என்றார். அவர் எழுந்தார், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு. "மேசையப் பிடிக்காம." அவர் கையை எடுத்தார், மறுபடி வைத்துவிட்டார். "நல்லாத்தான் இருக்கேன் சிஸ்டர், காலைல சாப்பிடல, அதான்." செவிலியர் வாதாடவில்லை. தாளில் ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு போனில் படுக்கை கேட்டார். தாள் இல்லாமல் இருந்தால், அவர் மாத்திரைப் பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பார். 'நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்பவரை நம்பி அனுப்பிவிடுவதுதான் நம் வழக்கம்.

இத்திட்டத்துக்குப் பிறகு பல மாவட்டங்களில் தொடக்க கால இறப்புகள் குறைந்தன. என் பார்வையில், இது பலித்ததற்குக் காரணம் கருவி எளிமையாக இருந்தது மட்டுமல்ல. எத்தனை பேரை அன்றே பரிசோதித்தார்கள், எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்ற எண்கள் ஆண்டறிக்கைக்காகக் காத்திருக்காமல் மாவட்டக் கூட்டங்களுக்கு உடனுக்குடன் வந்தன.

ஆய்வு தெளிவாகச் சொல்லியும் அரசு ஏன் வருடக்கணக்கில் தாமதிக்கிறது?

சில நேரம் காரணம் இருக்கும், சில நேரம் இருக்காது. வாரம் மூன்று நாள் மருந்து என்பது நம் திட்டத்தில் நெடுங்காலம் இருந்த முறை. தினமும் கொடுப்பதே மேல் என்று 2010இலேயே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இந்தியா முழுவதும் தினசரி முறைக்கு மாறியது 2017 அக்டோபரில். அதற்குள் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டது. புது மாத்திரைகளைக் கொள்முதல் செய்து, லட்சக்கணக்கான பணியாளர்களைப் பழக்க வேண்டும் என்பது உண்மையான சிரமம். ஆனால் ஏழு வருடம் என்பது சிரமத்தின் அளவு அல்ல. அந்த ஏழு வருடத்தில் மருந்து முடித்தும் நோய் திரும்பியவர்கள் வீட்டில் போய் இதை விளக்க முடியாது.

பதிவேட்டில் இருக்கும் எண்களை நம்பலாமா?

பார்த்து நம்ப வேண்டும். ஒரு சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தப் பதிவேட்டைப் புரட்டினேன். பக்கம் பக்கமாக 120/80, 130/80, 130/80, 140/90. ஒரு 127 இல்லை, ஒரு 133 இல்லை. மனித உடம்பு பூஜ்யத்தில் முடிகிற எண்களை மட்டும் காட்டாது. கோபமாகக் கேட்டிருக்கலாம். உட்கார்ந்து பேசினபோது தெரிந்தது: கருவியில் பேட்டரி தீர்ந்து மூன்று வாரம் ஆகிறது, பழைய பாதரசக் கருவியில் பட்டை கிழிந்திருக்கிறது, காலை பத்து மணிக்குள் எண்பது பேர் வரிசையில், கட்டம் காலியாக இருந்தால் மேலிருந்து திட்டு. எண்ணைக் கேட்டோம், எண்ணைக் கொடுத்தார்கள்.

அன்றைக்கு என் படிவத்தில் 'தரவுத் தரம் குறைவு' என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. பேட்டரி என்று எழுதக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதி வைத்தேன். ஒரு திட்டத்தின் எண்ணைப் பார்க்கும்போது, அது எந்த மேசையில் யார் கையால் எழுதப்பட்டது என்று கேட்காத மதிப்பீடு, தப்பான எண்ணை அழகான வரைபடமாக்கித் தரும். மேலே இருப்பவர்கள் அதை நம்பி முடிவெடுப்பார்கள்.

என் வீட்டுக்குக் கணக்கெடுப்புக்கு வந்தால் நான் என்ன கேட்கலாம்? மறுக்கலாமா?

மறுக்கலாம். மறுத்தால் உங்கள் ரேஷனோ சிகிச்சையோ நிற்காது, நிற்கவும் கூடாது. எந்த நிறுவனம், எதற்காக, என் பேர் வெளியே வருமா, ரத்தம் எடுத்தால் முடிவை எனக்குத் தருவீர்களா என்று கேளுங்கள். ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் தொடர்புக்கு ஓர் எண் இருக்க வேண்டும். படிவத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தர்மபுரிப் பக்கம் ஒரு பாட்டி என்னை ஒரு மணி நேரம் பொறுத்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "இத்தன கேட்டுக்கிட்டுப் போறியே கண்ணு, பொறவு வந்து யாரு சொல்லுவாங்க?" என்றார். எங்கள் ஆய்வில் அதற்கு ஏற்பாடு இல்லை. அறிக்கை சென்னைக்குப் போகும், அங்கிருந்து டெல்லிக்குப் போகும். அவரிடம் திரும்பி வராது. அன்று அளந்த அவருடைய ரத்த அழுத்தத்தை மட்டும் ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, தேதி போட்டு, "இதக் கொண்டுபோய் நர்சம்மாகிட்ட காட்டுங்க பாட்டி" என்று கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்து, ரேஷன் கார்டு இருந்த பிளாஸ்டிக் பைக்குள் வைத்தார்.